பில் வில்சன்

வில்லியம் கிரிஃபித் வில்சன் (நவம்பர் 26, 1895 - ஜனவரி 24, 1971) குடி அடிமைத்தனத்திலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ. ஏ.) என்னும் அமைப்பைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் ஆவார். மற்றவர் மருத்துவர் இராபர்ட் ஸ்மித். உறுப்பினர்கள் தம் முழுப்பெயரை வெளியிடுவதில்லை என்ற இவ்வமைப்பின் மரபுப்படி, வாழ்நாளில் இவர் பில் டபிள்யூ. என்றே அறியப்பட்டார். இவரது முழுப்பெயர் செய்தித்தாள்களில் பரவலாக வெளிவந்தது மறைவுக்குப் பிறகேயாகும். இவர் வகுத்த பன்னிரு படிகள் பின்னர் போதைப்பொருள், சூதாட்டம் முதலிய பிற அடிமைத்தனங்களுக்கும் பயன்படுத்தப்பட்டன. இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல மறுவாழ்வு மையங்கள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

பிறப்பும் இளமையும்

வில்சன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள கிழக்கு டார்செட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கில்மன் வில்சன். தாய் எமிலி கிரிஃபித். இவர் பிறந்த இடம் தந்தைவழிப் பாட்டியார் நடத்திவந்த விடுதியாகும். தந்தைவழிப் பாட்டனாரும் குடிக்கு அடிமையாக இருந்தவர். ஊருக்கு அருகிலிருந்த மலையில் தமக்கு நேர்ந்த சமய அனுபவம் ஒன்றுக்குப் பின் அவர் குடியை விட்டொழித்தார் எனக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்தது.

வில்சனுக்குப் பத்து வயதானபோது பெற்றோர் பிரிந்தனர். தந்தை கனடாவின் மேற்குப் பகுதிக்குச் சென்றுவிட்டார். தாய் மருத்துவம் பயில்வதற்காகப் பாஸ்டன் நகருக்குச் சென்றார். வில்சனும் தங்கை டோரதியும் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தனர். ஆஸ்திரேலியப் பழங்குடியினரைத் தவிர வேறு எவராலும் பூமராங் செய்ய இயலாது எனப் பாட்டனார் ஒருமுறை கூற, சிறுவன் வில்சன் பல மாதங்கள் முயன்று, எறிந்தால் திரும்பி வரும் பூமராங் ஒன்றைச் செய்து முடித்தார். எதிலும் முதல்வனாக வேண்டும் என்ற இந்த வேட்கை தம் வாழ்வின் வெற்றிகளுக்கும் வீழ்ச்சிக்கும் ஒருங்கே காரணமாக இருந்ததாகப் பிற்காலத்தில் இவர் கருதினார்.

பள்ளியில் இவர் விளையாட்டிலும் வயலின் வாசிப்பிலும் சிறந்து விளங்கினார். 1912 ஆம் ஆண்டில் இவர் நேசித்த பெர்த்தா பாம்ஃபோர்ட் என்ற சக மாணவி அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். இவ்விழப்பு வில்சனைக் கடும் மனச்சோர்வில் ஆழ்த்தியது. மனச்சோர்வு வாழ்நாள் முழுதும் இவரை விட்டு விட்டுத் தாக்கியது.

திருமணமும் குடிப்பழக்கமும்

முதலாம் உலகப் போரின்போது வில்சன் பீரங்கிப் படையில் அதிகாரியானார். 1917 ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் பணியாற்றியபோது, உள்ளூர்ச் செல்வந்தர்கள் படை அதிகாரிகளுக்கு அளித்த விருந்துகளில் முதன்முறையாக மது அருந்தினார். கூச்ச இயல்புடைய இவருக்கு, மற்றவர்களிடமிருந்து தம்மைப் பிரித்து வைத்திருந்த தடை மது உள்ளே சென்றதும் நீங்கியதுபோலத் தோன்றியது. 1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் பர்ன்ஹாமை மணந்து, பின் பிரான்சுக்குப் போர்ப்பணியாகச் சென்றார்.

திரும்பி வந்தபின் நியூயார்க்கில் இரவு வகுப்புகளில் சட்டம் பயின்றார். குடியின் காரணமாகப் பட்டம் பெறாமலேயே அப்படிப்பு முடிந்தது. பின்னர் பங்குச் சந்தையில் ஈடுபட்டார். 1920களின் நடுப்பகுதியில் இவரும் மனைவியும் பக்கப்பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளில் கூடாரத்துடன் பயணம் செய்து, தொழிற்சாலைகளை நேரில் பார்வையிட்டு அவற்றின் நிலையைப் பற்றி முதலீட்டாளர்களுக்கு அறிக்கை அனுப்பினர். நிறுவனத்தை நேரில் ஆராய்ந்து பங்கு வாங்கும் வழக்கம் அரிதாக இருந்த அக்காலத்தில் இம்முயற்சி நல்ல வருவாய் தந்தது.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தும் வில்சனுக்கு மது கிடைப்பதில் தடை ஏற்படவில்லை. 1929 ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் செல்வத்தை இழந்தார். பின்னர் கிடைத்த வாய்ப்புகளையும் குடியினால் இழந்தார். புரூக்ளின் நகரில் கிளின்டன் தெரு 182 ஆம் எண்ணில் இருந்த லோயிசின் பெற்றோர் வீட்டில் இருவரும் தங்கினர். லோயிஸ் அங்காடியொன்றில் வேலை செய்து குடும்பத்தை நடத்தினார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

டவுன்ஸ் மருத்துவமனை

1933 முதல் 1934 வரை வில்சன் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அங்கு மருத்துவர் வில்லியம் சில்க்வர்த் இவருக்குச் சிகிச்சை அளித்தார். குடி அடிமைத்தனம் ஒழுக்கக்கேடோ மன உறுதியின்மையோ அன்று, அது ஒரு நோய் என்பது சில்க்வர்த்தின் கருத்தாகும். முதல் மிடறுக்குப் பின் நிறுத்த முடியாதபடி உடலில் எழும் ஒவ்வாமை போன்ற வேட்கையும், குடிக்காத நேரத்தில் மீண்டும் முதல் மிடறை நோக்கி மனத்தை இழுக்கும் எண்ணமும் சேர்ந்ததே அந்நோய் என அவர் விளக்கினார். ஒவ்வாமை என்ற கருத்தை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை. எனினும், தாம் கெட்டவர் அல்லர், நோயாளி என்ற அறிதல் வில்சனுக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த அறிதல் மட்டும் இவர் குடியை நிறுத்தவில்லை.

1934 நவம்பரில் எபி தாட்சர் என்ற பழைய நண்பர் வில்சனைக் காண வந்தார். அவரும் பெருங்குடியர் என அறியப்பட்டவர். சமையலறை மேசையில் வில்சன் மதுவை ஊற்றி நீட்டியபோது எபி அதை மறுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவ மறுமலர்ச்சி இயக்கத்தின் வழியாகத் தாம் குடியை விட்டதாகத் தெரிவித்தார். எபிக்கு உதவியவர்களுள் ஒருவரான ரோலண்ட் ஹசார்டு, சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் கார்ல் யுங்கிடம் சிகிச்சை பெற்றவர். மருத்துவத்தால் இனிச் செய்வதற்கில்லை, ஆழ்ந்த ஆன்மிக மாற்றம் ஒன்றே வழி என யுங் அவரிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

சமய நம்பிக்கையற்ற வில்சன் எபியின் கருத்தை உடனே ஏற்கவில்லை. ஆயினும், தம்மைப் போலவே வீழ்ந்த ஒருவர் தெளிந்த முகத்துடன் எதிரே அமர்ந்திருந்த காட்சி இவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1934 டிசம்பர் 11 அன்று நான்காம் முறையாக மருத்துவமனையில் சேர்ந்தார். சில நாட்களில், மனம் முற்றிலும் உடைந்த நிலையில், அறை முழுதும் பேரொளி நிறைந்தது போன்ற அனுபவம் இவருக்கு ஏற்பட்டது. அங்கு அளிக்கப்பட்ட பெல்லடோனா என்ற மூலிகை மருந்து மனமயக்கத்தை உண்டாக்கக் கூடியது. ஆகவே இவ்வனுபவத்தின் தன்மை குறித்து ஆய்வாளர்களிடையே வேறுபட்ட கருத்துக்கள் உள்ளன. தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என வில்சனே சில்க்வர்த்திடம் கேட்டார். அவர் அதை மறுத்து, அந்த அனுபவத்தைப் பற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தினார். அதன்பின் வில்சன் இறக்கும்வரை மது அருந்தவில்லை.

ஆக்ரன் சந்திப்பு

மருத்துவமனையிலிருந்து வெளிவந்த வில்சன் பல மாதங்கள் பிற குடிநோயாளிகளைத் தேடிச் சென்று பேசினார். ஒருவர்கூடக் குடியை விடவில்லை. இதனால் சோர்ந்த இவருக்கு, வேறு எவரும் திருந்தாவிடினும் இவர் குடிக்காமல் இருக்கிறாரே என லோயிஸ் சுட்டிக்காட்டினார். போதனை செய்வதை நிறுத்தி, நோயின் தன்மையை முதலில் எடுத்துச் சொல்லுமாறு சில்க்வர்த் அறிவுரை கூறினார்.

1935 மே மாதம் நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டைக் கைப்பற்றும் வணிக முயற்சிக்காக வில்சன் ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோல்வியுற்றது. கையில் சிறிதளவே பணத்துடன் மே 11 அன்று மேஃபிளவர் விடுதியின் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது. மறுபுறம் தொலைபேசியும் அதன் அருகே தேவாலயங்களின் பட்டியலும் இருந்தன. அவ்வேளையில் தமக்குத் தேவை மதுவன்று, பேசுவதற்கு மற்றொரு குடிநோயாளியே என்பதை இவர் உணர்ந்தார். பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் வழியாகப் பலரைத் தொடர்புகொண்டு, இறுதியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார். ஆக்ஸ்ஃபோர்டு குழுவைச் சேர்ந்த அவர், தாம் அறிந்த அறுவை மருத்துவர் ஒருவரை மறுநாள் வரவழைத்தார்.

அந்த மருத்துவரே இராபர்ட் ஸ்மித். முந்தைய நாள் குடியின் பாதிப்பால் கைகள் நடுங்க வந்த அவர், பதினைந்து நிமிடம் மட்டுமே தங்குவதாக இருந்தார். உரையாடல் பல மணி நேரம் நீண்டது. வில்சன் அவருக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. தம் கதையைச் சொன்னார். அதோடு, தாம் குடிக்காமல் இருப்பதற்கு ஸ்மித்தின் உதவி தேவை என்பதையும் தெரிவித்தார். மருத்துவ அறிவு நிரம்பிய ஸ்மித்துக்கு நோயைப் பற்றிய செய்திகள் புதியவை அல்ல. அந்நோயைத் தாமே பட்டறிந்த ஒருவர், சமமாக அமர்ந்து பேசியதே புதிது.

சில வாரங்கள் கழித்து மருத்துவ மாநாடு ஒன்றுக்குச் சென்ற ஸ்மித் மீண்டும் குடித்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10 அன்று, அறுவை சிகிச்சை செய்யச் செல்லுமுன் கை நடுக்கம் தணிய வில்சன் கொடுத்த பீரே ஸ்மித் அருந்திய கடைசி மதுவாகும். அந்நாளே ஏ. ஏ. அமைப்பின் தோற்ற நாளாகக் கொண்டாடப்படுகிறது. அம்மாதத்திலேயே இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனையில் இருந்த பில் டாட்சன் என்ற வழக்கறிஞரைச் சந்தித்தனர். அவர் மூன்றாவது உறுப்பினரானார்.

அமைப்பின் வளர்ச்சி

நியூயார்க் திரும்பிய வில்சனும் லோயிசும் குடிநோயாளிகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் குடித்தனர். ஒருவர் அவ்வீட்டிலேயே தற்கொலை செய்துகொண்டார். உறைவிடமும் உணவும் அளிப்பது மட்டும் போதாது, மீட்சி விரும்புபவரிடமிருந்தும் முயற்சி வேண்டும் என்பதை இருவரும் இதன்வழி அறிந்தனர்.

1936 ஆம் ஆண்டில் டவுன்ஸ் மருத்துவமனை வில்சனுக்குச் சம்பளத்துடன் ஆலோசகர் பணி அளிக்க முன்வந்தது. வறுமையில் இருந்த இவர் அதை ஏற்க விரும்பினார். ஆனால், பணம் பெற்று இப்பணியைச் செய்தால் உறுப்பினர்களுக்கு இடையிலான சமநிலை குலையும் எனக் குழுவினர் ஒருமித்துக் கூறினர். வில்சன் அதற்குக் கட்டுப்பட்டார். தோற்றுவித்தவரும் குழுவின் முடிவுக்கு அடங்கியவரே என்ற நெறி இந்நிகழ்விலிருந்து உருவானது.

1937 ஆம் ஆண்டின் இறுதியில் வில்சனும் ஸ்மித்தும் கணக்கெடுத்தபோது, இரு நகரங்களிலும் ஏறத்தாழ நாற்பது பேர் தொடர்ந்து குடிக்காமல் இருப்பது தெரியவந்தது. இவ்வழிமுறையை நூலாக எழுத முடிவாயிற்று. செல்வந்தர் ஜான் ராக்ஃபெல்லர் (இளையவர்) 5,000 டாலர் மட்டும் அளித்தார். பெரும் பணம் இவ்வியக்கத்தைக் கெடுத்துவிடும் என அவர் கருதினார்.

1939 ஏப்ரலில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற நூல் வெளியானது. அமைப்பும் அப்பெயரையே பெற்றது. அதே மாதம் கிளின்டன் தெரு வீட்டை அடமானக் கடனுக்காக இழந்த வில்சனும் லோயிசும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நண்பர்களின் விருந்தினராகத் தங்கினர். 1941 ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் என்ற ஊரில் சொந்த வீட்டில் குடியேறினர். அதே ஆண்டு மார்ச் 1 அன்று சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரையால் உறுப்பினர் எண்ணிக்கை ஓராண்டுக்குள் சுமார் 2,000 இலிருந்து 8,000 ஆக உயர்ந்தது.

பன்னிரு படிகள்

பன்னிரு படிகளை வில்சன் 1938 ஆம் ஆண்டின் இறுதியில் எழுதினார். அவற்றின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

- குடியின் முன் தாம் ஆற்றலற்றவர் என ஒப்புக்கொள்ளுதல்
- தம்மினும் பெரிய ஆற்றல் ஒன்றின் துணையை நாடுதல்
- தம் குறைகளைப் பட்டியலிட்டு, அவற்றை மற்றொரு மனிதரிடம் வெளிப்படையாகக் கூறுதல்
- தம்மால் தீங்குற்றவர்களை நேரில் கண்டு, இயன்ற வகையில் ஈடுசெய்தல்
- நாள்தோறும் தம்மைத் தாமே ஆராய்தலும் தியானமும்
- தாம் பெற்ற மீட்சியை இன்னும் துன்புறுவோரிடம் கொண்டு செல்லுதல்

நம்பிக்கையற்ற உறுப்பினர்களின் வற்புறுத்தலால், கடவுள் என்ற சொல்லுக்கு ஒவ்வொருவரும் தமக்குப் புரிந்த வகையில் பொருள் கொள்ளலாம் என்ற வழி அமைக்கப்பட்டது. இதனால் இந்து, இசுலாம், பௌத்தம் முதலிய சமயத்தவரும் சமயம் சாராதவரும் பின்னாளில் இம்முறையை மேற்கொள்ள முடிந்தது.

அமைப்பின் நிர்வாகத்துக்காகப் பன்னிரு மரபுகளையும் வில்சன் எழுதினார். இவை 1950 ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டன. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. வெளியார் நன்கொடை ஏற்கப்படாது. பொதுச் சர்ச்சைகளில் அமைப்பு கருத்துக் கூறாது என்பன இவற்றுள் சில. 1840 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் குடிநோயாளிகளால் தொடங்கப்பட்ட வாஷிங்டோனியர் இயக்கம் விரைந்து வளர்ந்தும், மதுவிலக்கு அரசியலில் கலந்து சில ஆண்டுகளில் சிதைந்தது. அவ்வரலாறு வில்சனுக்குப் பாடமாக அமைந்தது.

பிற்காலம்

1944 முதல் ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் வில்சன் கடும் மனச்சோர்வால் துன்புற்றார். சில நாட்களில் படுக்கையை விட்டு எழவும் இயலாதிருந்தது. படிகளைச் சரியாகப் பின்பற்றினால் இந்நிலை வராது எனச் சில உறுப்பினர்கள் குறைகூறியபோதும், இவர் வெளிப்படையாக உளமருத்துவரின் உதவியை நாடினார். 1955 ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அமைப்பின் பொறுப்பை உறுப்பினர்களின் பேராளர்களிடம் ஒப்படைத்தார். யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த மதிப்புறு பட்டத்தைப் பெயர் மறைப்பு மரபைக் கருதி ஏற்க மறுத்தார்.

1956 ஆம் ஆண்டில் மருத்துவக் கண்காணிப்பில் எல்.எஸ்.டி. மருந்தை உட்கொண்டார். அப்போது அது சட்டப்படி தடை செய்யப்படாத, ஆய்வில் இருந்த மருந்தாகும். பிடிவாதமான குடிநோயாளிகளுக்கு இது உதவக்கூடும் என இவர் கருதினார். அமைப்பினுள் எழுந்த எதிர்ப்பால் பின்னர் இதைக் கைவிட்டார்.

1961 ஜனவரியில் கார்ல் யுங்குக்குக் கடிதம் எழுதி, ஹசார்டிடம் அவர் கூறிய சொற்கள் எங்கோ முளைத்துப் பெருமரமானதைத் தெரிவித்து நன்றி கூறினார். யுங் அம்மாத இறுதியிலேயே பதில் எழுதினார். அவ்வாண்டு ஜூனில் காலமானார். வில்சனுக்கு வழிகாட்டிய எபி தாட்சரோ பலமுறை மீண்டும் குடியில் வீழ்ந்தார். ஆயினும் வில்சன் அவரையே தம் வழிகாட்டி எனக் கடைசிவரை கூறிவந்ததுடன், 1966 ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை பொருளுதவியும் செய்து வந்தார்.

மறைவு

மதுவை வென்ற வில்சனால் புகையிலையை வெல்ல இயலவில்லை. நுரையீரல் நோய் முற்றிய பின்னரும் சில காலம் புகைபிடித்து வந்தார். 1970 ஜூலையில் மயாமி மாநாட்டில் ஆக்சிசன் உதவியுடன் சில நிமிடங்கள் மட்டும் பேசினார். 1971 ஜனவரி 24 அன்று, தம் 53 ஆவது திருமண நாளில், மயாமியில் காலமானார். இறுதி நாட்களில் சிலமுறை விஸ்கி கேட்டதாகச் செவிலியர் குறிப்புகள் காட்டுகின்றன. அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 36 ஆண்டுகள் கடந்தும் அழியாதிருந்த இவ்வேட்கை, அடிமைத்தனம் நீண்டகால நோய் என்ற கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இவரது உடல் கிழக்கு டார்செட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

ஏ. ஏ. கூட்டங்கள் இந்தியாவில் 1957 ஆம் ஆண்டில் தொடங்கின. தமிழ்நாட்டில் குடிக்கு எதிரான பணி நெடுங்காலம் மதுவிலக்கை மையமாகக் கொண்டிருந்தது. 1937 ஆம் ஆண்டில் இராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. வில்சன் மறைந்த 1971 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. குடிப்பவரை நோயாளியாகக் கருதிச் சிகிச்சை அளிக்கும் அணுகுமுறை அதன் பிறகே பரவலாயிற்று.

இதில் சென்னை அடையாறு பகுதியில் இயங்கும் டி. டி. இரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை முன்னோடியாகும். கணவர் இரங்கநாதனைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி இரங்கநாதன் 1980 ஆம் ஆண்டில் இதை நிறுவினார். இவருக்கு 1992 ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. டி. டி. கே. மருத்துவமனை என மக்களால் அறியப்படும் இங்கு, மருத்துவச் சிகிச்சையுடன் பன்னிரு படிகளின் அடிப்படையிலான ஆலோசனையும், குடும்பத்தினருக்கான பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. குடிநோய் குடும்பம் முழுவதையும் பாதிக்கிறது என்ற கருத்து, லோயிஸ் வில்சன் 1951 ஆம் ஆண்டில் தொடங்கிய அல்-அனான் என்ற குடும்பத்தினர் அமைப்பின் அடிப்படையும் ஆகும்.

போதைப்பொருள் மீட்சியில் தாக்கம்

வில்சனின் படிகளைத் தழுவி, 1953 ஆம் ஆண்டில் ஜிம்மி கின்னன் முதலியோர் கலிபோர்னியாவில் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கினர். இதில் குறிப்பிட்ட போதைப்பொருளின் பெயருக்கு மாற்றாக அடிமைத்தனம் என்ற நோயே முதன்மையாகக் கொள்ளப்பட்டது. இந்தியா உட்படப் பல நாடுகளில் இவ்வமைப்பின் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

மதிப்பீடும் விமர்சனமும்

- பன்னிரு படிகளின் சமயச் சாயல் சிலருக்கு ஏற்புடையதாக இல்லை.
- அபினி வகைப் போதைக்கு அடிமையானோருக்கு மெதடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் உயிர்காப்பவை என ஆய்வுகள் நிறுவியுள்ளன. அத்தகைய மருந்து உட்கொள்வோரைச் சில குழுக்கள் மீண்டவராக ஏற்பதில்லை என்ற குறை உண்டு.
- வில்சனின் திருமணத்துக்குப் புறம்பான உறவுகள் பற்றி வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.
- 2006 ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இம்முறை பயனுடையது என்பதற்கு ஐயமற்ற சான்று இல்லை என்றது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய 2020 ஆம் ஆண்டுத் தொகுப்போ, முறைப்படுத்தப்பட்ட பன்னிரு படிச் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பயனளிக்கிறது எனக் கண்டது.

ஏ. ஏ. அமைப்பில் இன்று உலகெங்கும் ஏறத்தாழ 20 இலட்சம் உறுப்பினர்கள் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. 1999 ஆம் ஆண்டில் டைம் இதழ் இருபதாம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க 100 பேருள் ஒருவராக வில்சனைத் தேர்ந்தெடுத்தது. பெட்ஃபோர்டு ஹில்ஸ் இல்லம் 2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. லோயிஸ் 1988 ஆம் ஆண்டில் காலமாகும்வரை அவ்வில்லத்திலேயே வாழ்ந்தார்.

எழுதிய நூல்கள்

- ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (1939, முதன்மை ஆசிரியர்)
- பன்னிரு படிகளும் பன்னிரு மரபுகளும் (1953)
- ஏ. ஏ. முதிர்ச்சி அடைகிறது (1957)

இவற்றையும் பார்க்க

- குடிநோய்
- நார்காட்டிக்ஸ் அனானிமஸ்
- தமிழ்நாட்டில் மதுவிலக்கு
- கார்ல் யுங்